ஊராட்சி தலைவர் நாற்காலி காலி... 21 ஊருக்கு ஒரே கையெழுத்து!

நாமக்கல்:

நாமக்கல் மாவட்டத்து கிராம மக்கள் ஊராட்சி தலைவருக்கு ஓட்டு போட்டு விரலில் மை வைத்துக்கொண்டது 2019 டிசம்பரில். 27, 30 தேதிகளில் ரெண்டு கட்டமா நடந்தது. கையில் நாலு சீட்டு கொடுத்தாங்க. ஊராட்சி தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்கு பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு தனி சீட்டு. எந்தச் சீட்டில் எங்கே முத்திரை குத்துவது என்று தெரியாமல் பூத்துக்குள் முழித்த பெரியவர்கள் எத்தனை பேர்! 2020 ஜனவரி 2-ந்தேதி எண்ணிக்கை முடிந்து, 6-ந்தேதி பதவி ஏற்பும் ஆச்சு.

அந்த பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்தது. அதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை நடத்தி முடிச்சிருக்கணும். நடக்கவில்லை. 2025 முழுக்க ஓடிப்போச்சு. 2026 பிறந்தபோதும் கிராமங்களில் தலைவர் இல்லை.

பி.டி.ஓ. கையில் சாவி

தலைவர் போனதும் தனி அலுவலர் வந்தார். கிராம ஊராட்சிகளுக்கு அந்தந்த ஒன்றியத்து பி.டி.ஓ.தான் தனி அலுவலர். மாவட்டத்தில் 322 கிராம ஊராட்சி, 15 ஒன்றியம். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பி.டி.ஓ. தலையில் சராசரியா 21 ஊர்!

பி.டி.ஓ.க்களை குறை சொல்வதற்கில்லை. அவங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் வேலை. ஆனால் போர் மோட்டார் காயில் எரிஞ்சு ரெண்டு நாளா தண்ணி வரலைன்னா, தலைவர் இருந்த காலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். சொந்த ஊர்க்காரர், அடுத்த தடவையும் ஓட்டு கேட்டு வரணும், அந்த பயம் இருக்கும். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்து போட்டால் வேலை நடந்திடும். தனி அலுவலர் காலத்தில் ஊராட்சி செயலாளர் எழுதி அனுப்பணும், அது ஒன்றிய ஆபீசில் வரிசையில் நிற்கணும். 21 ஊர் காகிதத்தோடு உங்க ஊர் காகிதமும் ஒண்ணு.

கிராம சபையை தனி அலுவலரும் கூட்டலாம். ஆனா கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டு வாங்கி வந்தவர் இல்லையே.

பணம் போனது பழைய கதை

இது புதுசும் இல்லை. 2016 அக்டோபரில் என்ன நடந்தது? அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவிச்சாங்க. அக்டோபர் 3-ந்தேதி மனுத்தாக்கல் முடிந்தது. மறுநாளே சென்னை ஐகோர்ட்டு தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியில்லை என்று தி.மு.க. தரப்பில் போட்ட வழக்கில் வந்த உத்தரவு அது. மாலை, துண்டு வாங்கி, நோட்டீஸ் அடித்தவர்கள் கையை பிசைந்ததுதான் மிச்சம். அப்புறம் 3 வருஷத்துக்கு மேலே தனி அலுவலர் ஆட்சிதான்.

அந்த 3 வருஷத்தில் உள்ளாட்சிக்கு வரவேண்டிய மத்திய நிதிக்குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லாத இடத்துக்கு பணம் கிடையாது என்பது கணக்கு. 15-வது நிதிக்குழுவும் இதே நிபந்தனையை போட்டிருந்தது. அதாவது தேர்தல் தள்ளிப்போனால் நஷ்டம் பதவிக்கு ஆசைப்பட்டவருக்கு மட்டும் இல்லை. உங்க தெரு சாக்கடைக்கும், தெருவிளக்குக்கும்தான்.

5 வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கு. 1993-ல் அமலுக்கு வந்த திருத்தம் அது. 2016-ல் அ.தி.மு.க. ஆட்சி, 2025-ல் தி.மு.க. ஆட்சி. கட்சி மாறினாலும் தேதி மட்டும் தள்ளிக்கிட்டே போச்சு. வார்டு எல்லை, இடஒதுக்கீடு, கோர்ட்டு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். சட்டசபை தேர்தலுக்கு மட்டும் இந்த காரணமெல்லாம் எப்படித்தான் வராமல் போகிறதோ!

லண்டனில் எப்படி?

நம்ம தமிழர்கள் நிறைய பேர் கவுன்சிலராக ஜெயிக்கும் இங்கிலாந்தில் மே மாதம் முதல் வியாழக்கிழமை என்றால் உள்ளாட்சி ஓட்டு நாள். காலண்டர் மாதிரி வந்துடும். ஆனா அங்கேயும் 2025-ல் 9 இடங்களில் தேர்தலை தள்ளி வைத்தார்கள். உள்ளாட்சிகளை பிரித்து அடுக்கப்போறோம் என்று காரணம். எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. ஊர் எதுவானாலும் ஆள்கிறவர்களுக்கு உள்ளாட்சி தேர்தல் என்றால் இளப்பம்தான் போல.

குமாரபாளையம் கொடுத்த அதிர்ச்சி

டவுன் கதை வேறு. நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ந்தேதி தேர்தல் நடந்தது. தலைவரை நாம நேரடியா தேர்ந்தெடுக்க முடியாது. 2011-ல் நேரடி ஓட்டு இருந்தது. 2019 நவம்பரில் அவசர சட்டம் போட்டு அதை மாற்றி, கவுன்சிலர்களே தலைவரை தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அதனால் என்ன ஆச்சு? 33 வார்டு உள்ள குமாரபாளையத்தில் 2022 மார்ச் 4-ந்தேதி சுயேச்சையாக ஜெயித்து வந்த விஜய்கண்ணன் தலைவர் ஆனார். பெரிய கட்சிகள் வாயடைத்துப் போச்சு. நல்லதோ கெட்டதோ, நெசவுத்தறி ஊர் ஜனங்கள் ஓட்டு போட்டது அவங்கவங்க வார்டு கவுன்சிலருக்கு. நகராட்சி தலைவர் யார் என்பதை முடிவு செய்தது 33 பேர். பாதியைத் தாண்ட 17 கை தேவை, அவ்வளவுதான் கணக்கு.

நாமக்கல் நகராட்சி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. தலைவராக இருந்தவரே மேயர் ஆனார். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கப் போறாங்க என்றதும் கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. மேயர் வந்தால் பெருமைதானே என்று டவுன்காரர்கள் கேட்கலாம். கிராமத்து பெண்களுக்கு 100 நாள் வேலை போயிடும் என்ற கவலை. 2025 டிசம்பரில் புதுச்சட்டம் வந்து 125 நாள் என்று ஆக்கினாலும், அதுவும் கிராமத்துக்கு மட்டும்தான். மாநகராட்சி எல்லைக்குள் வந்துட்டால் அந்த வேலை கிடையாது. வீட்டு வரி, தண்ணி வரி வேற கூடும். கோழிப்பண்ணையில் கூலி வேலை பார்க்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

நகர்ப்புற பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடியும் கணக்கு. அந்த தேதியாவது தவறாமல் இருக்கணும்.

லாரி டிரைவர் ஓட்டு எங்கே?

நம்ம மாவட்டத்துக்கே உள்ள ஒரு சங்கடம் இருக்கு. ஓட்டு நாளில் டிரைவர் நாக்பூரில் இருப்பார். திருச்செங்கோடு ரிக் வண்டி ஆளுங்க வடமாநிலத்தில் போர் போட்டுக்கிட்டு இருப்பாங்க. இவங்களுக்கு தபால் ஓட்டு கிடையாது. ஊராட்சி வார்டு ஒன்றில் மொத்தமே சில நூறு ஓட்டுதான். 10 பேர் வெளியூரில் இருந்தால் முடிவே மாறிடும். சமமா வந்தால் குலுக்கல் போட்டு எடுப்பாங்க என்பது தெரியுமில்லையா!

இன்னொரு விஷயம். உள்ளாட்சிக்கு தனி வாக்காளர் பட்டியல் எடுப்பதில்லை. சட்டசபை பட்டியலைத்தான் வார்டு வாரியா பிரிப்பாங்க. 2025 கடைசியில் நடந்த எஸ்.ஐ.ஆர். திருத்தத்தில் மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர் வரைவு பட்டியலில் இல்லாமல் போச்சு. செத்தவங்க, ரெண்டு இடத்தில் இருந்தவங்க பெயரும் அதில் இருக்கு. ஆனால் ஃபாரம் வந்த நேரத்தில் லோடு ஏத்திக்கிட்டு போனவர் பெயர் இருக்கா, இல்லையா என்று வீட்டில் இருக்கிறவங்கதான் பார்க்கணும். ஊராட்சி ஓட்டு வரும்போது வார்டு பட்டியலை பார்வைக்கு வைப்பாங்க. பெயர் விட்டுப்போயிருந்தால் அப்பவே மனு கொடுத்துடுங்க. ஓட்டு நாள் காலையில் பூத்தில் போய் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.