வாலை நம்பாதே, வாயைப் பார்!

நமக்கு லேசாகத் தலை வலித்தால் போதும். ஆபீஸுக்கு ஒரு போன், குரலில் கொஞ்சம் கரகரப்பு, "எழுந்திருக்கவே முடியல ஸார்..." முடிந்தது, ஒரு நாள் லீவ். மத்தியானத்துக்குள் தலைவலி போய்விடும். லீவ் மட்டும் அப்படியே இருக்கும்.

நாய்க்கு இந்த வித்தை தெரியாது. காய்ச்சலோடு படுத்திருந்தாலும் கேட் திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வந்து, வாலை ஆட்டி, அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி படுக்கும். அதனால்தான் எந்தக் கால்நடை டாக்டரிடம் போய் உட்கார்ந்தாலும் காதில் விழுகிற முதல் வசனம், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஸார் இருந்தது!" 1903-ல் தொடங்கிய கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்தே இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நேற்று வரை நன்றாக இருந்தது நாய் இல்லை ஸார், அதன் வால்!

ஆகவே மகாஜனங்களே, நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தினம் ஐந்து நிமிஷம் உங்கள் நாயைத் தலை முதல் வால் வரை கையால் தடவிப் பாருங்கள். கொஞ்சல் தனி, இது தனி. ஆடிட்டர் வந்து லெட்ஜர் புரட்டுவது போல, வரிவரியாக.

எங்கள் வீட்டு மணி அசல் தெரு வம்சம். அவனுக்கு ஆடிட்டர் என் மனைவி. டி.வி. சீரியலில் விளம்பரம் வந்ததும் மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பாள். ஈறு ரோஸ் கலரில் ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி ரோஸாக வேண்டும். (ஈறு கறுப்பாக இருக்கிற நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம்.)

ஒருநாள் ராத்திரி, விளம்பரம் முடிந்தும் அவள் டி.வி. பக்கம் திரும்பவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. ஈறு நேத்தைக்கு இன்னிக்கு வெளுப்பா இருக்கு. குண்டூசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி வேற. ஆட்டோ கூப்பிடுங்க."

மணி அப்போதும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிளேட்லெட் ஏகத்துக்கு இறங்கியிருந்தது. "உண்ணிக் காய்ச்சல்ம்மா. மூக்குல ரத்தம் வந்தப்புறம்தான் நிறையப் பேர் தூக்கிட்டு வர்றாங்க. அப்போ பல சமயம் எங்க கையில ஒண்ணும் இருக்கறதில்ல" என்றார். நாலு வாரம் மாத்திரை. மணி பிழைத்தான். இப்போது போஸ்ட்மேனைப் பழையபடி துரத்துகிறான்.

உண்ணியை அற்பமாக நினைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அதற்கு வருஷம் பூரா சீஸன். வயிறு முட்ட ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி உண்ணி சுவரில் குடித்தனம் நடத்துகிறது. காது மடலுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலடியில் தேடுங்கள். அகப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நகத்தால் நசுக்காதீர்கள். கெரஸினும் வேண்டாம். உண்ணி வராமல் தடுக்க மாத்திரை, சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை எல்லாம் இருக்கின்றன. எடையைப் பார்த்து டாக்டர் சொல்வதை வாங்குங்கள்.

அடுத்து, பாசம் என்கிற வியாதி. 'பாவம், வாயைப் பார்க்குது' என்று நாம் போடும் வெங்காய சாம்பார் அதன் ரத்த அணுக்களைக் கெடுக்கும். பாயசத்துத் திராட்சை கிட்னிக்கு ஆகாது. சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். வெந்த பிரியாணி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் என்று நீங்களாகவே மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் அதன் ஈரலையே காலி பண்ணிவிடும். இன்னொன்று, நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101-லிருந்து 102.5 டிகிரி. தொட்டுப் பார்த்து அலற வேண்டாம், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து, காபி குடித்து, அப்புறம் நாயோடு வாக்கிங் கிளம்பும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கு வழியாக மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் செருப்பில்லாத அதனாலும் முடியாது.

ஊசி விஷயத்தில் மட்டும் 'அடுத்த மாச சம்பளம் வரட்டும்' கூடாது. குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்திலேயே பார்வோ தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். வெறிநாய்க்கடிக்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல். 1885-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் அந்தத் தடுப்பூசியைப் போட்டுக் காப்பாற்றினார். 1907-ல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் பெயரில் நிலையம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும், நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்ற நிலைமை மட்டும் மாறவில்லை. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் குழம்புக்கு!

கடைசியாக எடை. நாயின் விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரிந்தால் பட்டினி, தடவியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. மணி இதில் ஃபர்ஸ்ட் கிளாஸ். போன வாரம் அவனைத் தடவி முடித்த ஆடிட்டர், அதே கையோடு என் பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள்.

நான் வாலில்லாத குறையாகச் சிரித்து வைத்தேன். அவள் நம்பவில்லை. மறுநாளிலிருந்து வாக்கிங்குக்கு மூன்று பேராகப் போகிறோம்.