ஊடுகதிர்க் கல்வி தமிழில் வேண்டும்!

தென்னந்தோப்புகளால் சூழப்பெற்றது ஆனைமலை வட்டாரம். அங்கு மரமேறும் தொழிலாளர் கால் தவறி விழுவதும் எலும்பு முறிவதும் புதியன அல்ல. அதற்கு மேலே, ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலை பறிக்கும் பெண்களும், காடர், முதுவர், மலசர், புலையர் முதலாய மலைமக்களும் வாழும் பகுதி அது. இவர்களுள் ஒருவர்க்கு எலும்பு முறிந்தாலும், நாட்பட்ட இருமலால் என்புருக்கி (காச) நோயோ என்னும் ஐயம் எழுந்தாலும், மருத்துவமனையில் அவர் போய் நிற்க வேண்டிய இடம் ஊடுகதிர் அறை. 'எக்சுரே' என்பது மக்கள் வழக்கு. அவ்வறையில் அவரை நிறுத்தித் திருப்பி, மூச்சடக்கச் செய்து படம் எடுப்பவர் மருத்துவர் அல்லர், கதிர்ப்படநர். மருத்துவரின் கண்ணுக்குக் கண்ணாய் இருப்பவர் அவரே. அவர் எடுக்கும் படம் பிழையானால், அதைப் பார்த்து மருத்துவர் கொள்ளும் முடிவும் பிழையாகும்.

இத்தகையவரை உருவாக்கும் கல்வி எந்த மொழியில் நடைபெறுகின்றது? ஆங்கிலத்தில்! கற்பிப்போர் பெரும்பாலும் தமிழர். கற்போர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். படுத்திருக்கும் நோயரும் தமிழர். நடுவில் நூலும் தேர்வும் மட்டும் அயன்மொழி! சோறும் தமிழ்நாட்டுச் சோறு, பசியும் தமிழ்நாட்டுப் பசி. இடையில் அகப்பை மட்டும் ஏழு கடல் தாண்டி வரவேண்டுமாம். இது கல்வி முறையா, கண்கட்டு முறையா?

பயிற்சி யாது?

பள்ளியில் மேனிலை வகுப்பு வரை இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற மாணவர் இக்கல்விக்கு வருகின்றனர். ம.கோ.இரா. மருத்துவப் பல்கலைக்கழகம் 1988 முதல் இயங்கி வருகின்றது. அதன் பட்டப்படிப்பு மூன்றாண்டுக் கல்வியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. உடற்கூறு, உடலியங்கியல், கதிர் இயற்பியல், படமெடுக்கும் நிலைகள், கதிர்க் காப்பு என்பன அதன் தூண்கள். கொங்கு நாட்டிலும் இதற்கான களங்களுக்குக் குறைவில்லை. கோவை மருத்துவக் கல்லூரி 1966-இலும், பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி 1985-இலும் தோன்றின. சென்னையிலோ பெர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இலேயே நிறுவப்பெற்றது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இத்துறையின் பயிற்றுமொழி மாறவில்லை.

ஆனைமலை அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. மின்னழுத்தம், மின்னோட்டம், அலைநீளம் என்பவற்றை அவள் தமிழில் தெளிவாகக் கற்றவள். கருவியின் மின்னழுத்தத்தை உயர்த்தினால் கதிரின் ஊடுருவும் ஆற்றல் மிகும். மின்னோட்டத்தையும் நேரத்தையும் கூட்டினால் கதிரின் அளவு மிகும். இதனைத் தமிழில் சொன்னால் அவளுக்கு அரை நாழிகை போதும். கல்லூரியோ அவள் அறிந்ததையே அறியாததாக்கி, அயன்மொழிச் சொற்றொடராய் அவள்முன் வைக்கின்றது. அவள் நெட்டுருப் போடுகின்றாள், தேர்விலும் வென்றுவிடுகின்றாள். ஆனால், நெட்டுருப் போட்டவர்க்கு நூலில் உள்ள உடலைத்தான் தெரியும். பருத்தவர், மெலிந்தவர், குழந்தை, கூன் விழுந்த கிழவர் என வேறுவேறு உடல்கள் வந்து நிற்கும்போது, அளவை எங்ஙனம் மாற்றுவதென்று முடிவு செய்யக் கருத்து விளங்கியிருக்க வேண்டும்; சொல் மனப்பாடமாகியிருப்பது போதாது.

ஒரு சொல்லின் விலை

நெஞ்சுப் படம் எடுப்பது எளிய வேலை என்பர். அன்று. நோயர் மூச்சை நன்கு உள்ளிழுத்து, அசையாமல் அடக்கி நிற்கும் நொடியில் கதிர் பாய வேண்டும். நன்கு இழுத்திருந்தால் உதரத்திரைக்கு மேலே பின்புற விலாவெலும்புகள் ஒன்பது அல்லது பத்துத் தெரியும். அரைகுறையாக இழுத்திருந்தால், நெஞ்சாங்குலை பருத்ததுபோல் தோன்றும். நுரையீரலின் அடிப்பகுதி மங்கி, இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். மூச்சை அடக்காமல் அசைந்தாலோ படமே கலங்கிப் போகும். பின்னர் மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும்; நோயர் மீண்டும் ஒருமுறை கதிரேற்க வேண்டும்.

நெஞ்சுப் படம் ஒன்றால் உடலில் சேரும் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லி சீவர்ட்டு, மிகச் சிறிதே. ஆனால், வயிற்றைக் கணினிவழி அடுக்கடுக்காய்ப் படம்பிடிக்கும்போது சேர்வது அதனைப்போல் நூறு மடங்கிற்கும் மேல். அங்கும் மூச்சடக்கமே முதன்மை. ஆகவே, 'மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க, அப்படியே நில்லுங்க' என்று நோயர்க்கு விளங்கும்படி சொல்லும் ஒரு சொற்றொடர், ஈயக் கவசத்திற்கு ஒப்பான காப்பு ஆகும். அச்சொற்றொடரை எப்பொழுது, எந்த நிறுத்தத்தோடு, எத்துணைப் பொறுமையோடு சொல்வது என்பதும் பாடமே. அப்பாடம் ஆங்கில நூலில் ஆங்கிலர்க்கு எழுதப்பட்டுள்ளது. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு எழுதப்படவில்லை.

இன்னொன்று அதனினும் நுண்ணியது. கருவுற்ற பெண்ணின் வயிற்றில் வேண்டாக் கதிர் பாயலாகாது. ஆதலின், பெண் நோயரிடம் அதைக் கேட்டறிவது கதிர்ப்படநரின் கடமை. நூலில் படித்த ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வீசினால், மாமியார் பக்கத்தில் நிற்கும் இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டு 'இல்லை' என்று ஒப்புக்குச் சொல்லிவிடுவாள். 'அம்மிணி, முழுகாம இருக்கறயா?' என்று தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டால், உண்மை வெளிவரும். ஒரு கருவின் நலம் ஒரு கேள்வியின் மொழியில் தங்கியிருக்கின்றது. இதைவிடப் பெரிய சான்று தாய்மொழிக் கல்விக்கு வேண்டுமோ?

விளங்காமல் கற்றால் வினை

செருமானிய அறிஞர் இரோண்ட்கன் 1895 நவம்பர் 8-ஆம் நாள் இக்கதிரைக் கண்டார். தன்மை அறியாமையால் அறியாப்பொருட் குறியீட்டை அதற்குப் பெயராக்கினார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசும் பெற்றார். உலகம் வியந்தது, ஆனால், வியப்பின் விலையைக் கதிரோடு உழன்றோர் கொடுத்தனர். அமெரிக்கப் புதுப்புனைவாளர் எடிசனின் உதவியாளர் கிளாரன்சு டாலி, கைகள் புண்ணாகி, அறுத்தெடுக்கப்பட்டு, 1904-இல் மாண்டார். கதிரால் மாண்டோர்க்குச் செருமனியின் ஆம்பர்க்கு நகரில் 1936-இல் நடுகல் ஒன்று எழுப்பப்பட்டபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

அவர்கள் அறியாமல் மாண்டனர். இன்றோ அறிவு இருக்கின்றது. கதிர்வாயிலிலிருந்து விலகும் தொலைவு இரட்டித்தால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். நேரம் குறைக, தொலைவு கூட்டுக, தடுப்பு இடுக. மூன்றே கட்டளைகள்! இந்தியாவில் கதிர்த்தொழிலாளர் ஒருவர்க்கு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டும், எந்த ஓராண்டிலும் 30 மில்லி சீவர்ட்டும் மேல்வரம்பு. இவற்றை மாணவர் உள்ளம் கொள்ளும் மொழியில் ஊட்டாமல், தேர்வுத்தாளில் எழுதி மறக்கும் மொழியில் ஊட்டுவது அறமாகுமா? மார்பில் அணியும் கதிரளவு வில்லை எதற்கென்று உணராதவர், அதனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

முடியாது என்போர்க்கு

'தமிழில் சொல் இல்லை' என்பது முதல் மறுப்பு. ஊடுகதிர் என்னும் சொல்லையே நோக்குக. ஆங்கிலப் பெயர் 'இன்னதென்று தெரியாத கதிர்' என்ற அளவில் நின்றுவிட்டது. தமிழ்ப்பெயரோ அதன் செயலைச் சொல்கின்றது. கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரனார் 1948 முதல் 'கலைக்கதிர்' இதழை நடத்தி அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டினார். சொல் இல்லாமல் அவ்விதழ் வந்ததா?

'மருத்துவம் தமிழில் வாராது' என்பது இரண்டாம் மறுப்பு. 1847-இல் ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சேமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கி அச்சிட்டார். அவரிடம் தமிழில் பயின்று மருத்துவரானோர் முப்பதின்மருக்கு மேல். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அயலவர் ஒருவரால் இயன்றது, இன்று பல்கலைக்கழகமும் பாடநூல் கழகமும் கணினியும் உடைய தமிழர்க்கு இயலாதா? மத்தியப் பிரதேசத்தில் 2022-இல் மருத்துவப் பாடநூல்கள் இந்தியில் வந்துவிட்டன. இந்திக்கு இயல்வது தமிழுக்கு இயலாதெனின், குறை மொழியிலா, ஆள்வோர் மனத்திலா?

'வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்' என்பது மூன்றாம் மறுப்பு. உண்மை, மறுப்பார் இலர். ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக நன்கு கற்பியுங்கள். கருவிக் கையேட்டைப் படிக்கவும் ஆய்விதழை அறியவும் அது துணையாகும். துணையை வீட்டுக்கு உரியவராக்குவதே குற்றம். இரோண்ட்கன் தம் கண்டுபிடிப்பைத் தம் தாய்மொழியாகிய செருமானியத்தில்தான் எழுதினார். உலகம் தேடி வந்து படித்தது.

செய்யத்தக்கன

கல்லூரிக் கல்வியைத் தமிழ்வழிக்குத் திருப்பிய முதல் முயற்சி 1960-இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் நடந்தது. அதற்குத் துணிந்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியது. அவ்வழியில் ஊடுகதிர்க் கல்வியும் நடைபோட வேண்டும்.

முதலாவதாக, உடற்கூறு, கதிர் இயற்பியல், கதிர்க் காப்பு ஆகிய மூன்றுக்கும் படங்களோடு கூடிய தமிழ்ப் பாடநூல்களைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, விரும்பும் மாணவர் தேர்வைத் தமிழில் எழுத வேண்டும். நேர்முகத் தேர்விலும் தமிழில் விடையளிக்க வேண்டும். அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாமல், தமிழில் எழுதியவர்க்கு மதிப்பெண் குறையாதென்ற உறுதியும் வேண்டும். மூன்றாவதாக, நோயரிடம் பேசும் முறையைத் தனிப்பாடமாக்கி, பொள்ளாச்சி, வால்பாறை அரசு மருத்துவமனைகளைப் போன்ற ஊரக இடங்களில் மாணவர்க்குப் பயிற்சி தர வேண்டும். மலைமக்கள் பேச்சையும், எல்லையோரத்து மலையாளத்தையும், ஆலைகளுக்கு வரும் வடநாட்டுத் தொழிலாளர் மொழியையும் ஓரளவு அறியச் செய்தல் நன்று. தமிழர்க்குத் தமிழ் வேண்டும் என்று கேட்பவர், பிறர்க்கு அவரவர் மொழி வேண்டும் என்பதையும் ஒப்புவர். நோய்க்கு மொழியில்லை, நோயர்க்கு உண்டு.

ஊடுகதிர் தோலைக் கடந்து, தசையைக் கடந்து எலும்பைக் காட்டுகின்றது. அதனைக் கையாளும் கல்வியோ மக்களின் காதைக்கூடக் கடக்க முடியாமல் கல்லூரிச் சுவருக்குள் நிற்கின்றது. அச்சுவரை அகற்றுவது ஆள்வோர் கடன். அகற்றுமாறு கேட்பது மக்கள் கடன். பல்கலைக்கழகம் கேட்கும்வரை கேட்க! தமிழில் கற்ற கதிர்ப்படநர் கைகளில் தமிழர் உடல் நலம்பெறுக!