எஞ்சினுக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா?

கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் செல்லும் சாலை நெடுக ஊர்கள் பெருகி வருகின்றன. ஊர் பெருகினால் கழிவுநீரும் பெருகும். அதைச் சுத்திகரிக்க நிலையம் வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் எந்த ஊரிலும் நிலையம் என்றதும், “நாற்றம் தாங்காதே!” என்ற குரல் எழுகிறது. அதை அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் ஒதுக்க மாட்டோம்.

அந்த நாற்றம் எது? காற்றுப் படாமல் தேங்கும் கழிவில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு எனும் நச்சு வாயு. காற்றைவிடக் கனமானது, குழியிலும் தொட்டியிலும் தங்கி நிற்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்கு அறிந்துவிடும். 100 பங்கை எட்டினாலோ மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கும் தொழிலாளி பிணமாக மேலே வருகிறான். ஊராருக்கு அருவருப்பு, உழைப்பவனுக்கு எமன்!

1858-இல் தேம்ஸ் நதி நாறியது. லண்டன் பார்லிமெண்டின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்த ஆண்டே சாக்கடைத் திட்டத்துக்குச் சட்டம் பிறந்தது. ஆள்வோர் மூக்கில் ஏறினால் சட்டம் பறக்கிறது; ஏழையின் குடிசையில் ஏறினால் கோப்பு நகர மறுக்கிறது!

வழி இல்லையா? இருக்கிறது. கழிவைத் தேங்கவிடக்கூடாது. நுழைவுத் தொட்டிகளை மூட வேண்டும். அங்குள்ள காற்றை உறிஞ்சி, காரநீரில் கழுவலாம். அல்லது நுண்ணுயிர் வாழும் படுகை வழியே செலுத்தலாம். அந்தப் படுகைக்குத் தென்னை நாரும் உதவும். நம் மலையடிவாரத் தோப்புகளில் அதற்குப் பஞ்சமா? வாசனைத் திரவியம் தெளிப்பது மட்டும் வழியல்ல, அது ஏமாற்று.

சென்னை கொடுங்கையூர் நிலையத்தில் கசடு வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். எஞ்சின் அரிக்காமலிருக்க அத்தகைய வாயுவிலிருந்து சல்பைடை நீக்குவது வழக்கம். எஞ்சினைக் காக்கத் தெரிந்த கைக்கு மனிதனைக் காக்கத் தெரியாதா?

பாதுகாப்புக் கருவியின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கூறியது. பிணத்துக்கு விலை கட்டுவதைவிட உயிரைக் காப்பது மலிவு அல்லவா?

நாம் கேட்பது இதுதான்: எந்த நகராட்சி நிலையம் கட்டினாலும், நாற்றத் தடுப்பும் வாயு அளக்கும் கருவியும் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். தோழர்களே, திட்டம் வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்!