இருளில் ஒளிர்ந்த எண்கள்

இரவில் பறக்கும் விமானியின் கண்களுக்கு இரட்டை வேலை. வெளியே இருளில் ஓடுபாதை விளக்குகளைத் தேட வேண்டும். உள்ளே உயரமும் வேகமும் காட்டும் கருவிகளைப் படிக்க வேண்டும். கண் இருளுக்கு நன்கு பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். பேரொளி பட்டால் அப்பழக்கம் நொடியில் கலைந்துவிடும். ஆகவே, விமானிக்கு வேண்டியது மங்கலான ஒளியே.

முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த ஒளியைத் தந்தது ரேடியம். 1898-இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த இப்பொருளைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து பூசினால், எண்களும் முட்களும் இருளில் தாமே ஒளிரும். விஞ்ஞானத்தின் வெற்றி என்று இதனைப் போற்றுகிறோம். ஆனால், அந்த எண்களை எழுதிய கைகளை நாம் நினைப்பதுண்டா?

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் 1917 முதல் இவ்வேலையைச் செய்தவர்கள் இளம்பெண்கள். நம் வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். தூரிகை முனையை உதடுகளால் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. "இதனால் தீங்கு உண்டா?" என்று அவர்கள் கேட்டபோது, இல்லை என்றே பதில் வந்தது. அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகளோ ஈயத் தடுப்பும் இடுக்கியும் கொண்டு தங்களைக் காத்துக்கொண்டனர்! ரேடியம் எலும்பில் போய்த் தங்கும் இயல்புடையது. பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் மாண்டனர்.

அவர்களுள் கிரேஸ் ஃபிரையர் என்பவர் வழக்கறிஞர் ஒருவரைத் தேடியே ஈராண்டுகள் அலைந்தார். 1927-இல் ஐந்து பெண்களாக வழக்குத் தொடுத்தனர்; மறு ஆண்டு நிறுவனம் இழப்பீடு தர இசைந்தது. இல்லினாய் மாநிலத்தில் இதே தொழிலால் நோயுற்ற கேத்தரின் டோனஹியூ, 1938-இல் தம் வீட்டில் படுத்த படுக்கையாகவே சாட்சி சொல்லி வென்றார், அவ்வாண்டே கண்மூடினார். உடலில் தங்கும் ரேடியத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற எல்லை 1941-இல் வகுக்கப்பட்டதற்கு இத்தகைய பெண்களின் துன்பமே ஆதாரம்.

"அக்காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று சிலர் சமாதானம் சொல்வர். நாம் அதை ஏற்பதற்கில்லை. ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றவர்கள் ஓரளவாவது அறிந்தே நின்றனர். அறிந்தவர் தமக்குத் தேடிக்கொண்ட பாதுகாப்பை அறியாதவருக்கும் அளிப்பதே நீதி.

இன்று விமானங்களில் மின்னொளியும் ஒளித்திரைகளும் வந்துவிட்டன. ஆயினும் பாடம் பழையதாகவில்லை. கேள்வி கேட்கப் பழகுங்கள் என்று நமக்குச் சொல்கிறார்கள். அப்பெண்களும் கேட்கத்தான் செய்தனர். தவறியது பதில் சொன்னவர்களின் உண்மையே. தோழியரே, நாளை நம்மில் சிலர் விஞ்ஞானிகளாகலாம், மருத்துவர்களாகலாம், தொழிற்சாலைகளை நடத்தலாம். "இதனால் தீங்கு உண்டா?" என்று ஓர் ஏழைப் பெண் அன்று நம்மைக் கேட்பாள். அவளுக்கு உண்மையையே சொல்வோம். நம் கையில் உள்ள பாதுகாப்பை அவளுக்கும் கொடுப்போம்.