செயின் லாக் மாத்தத் தெரியாத இன்ஜினியர்

மெஷின் டிசைன்ல செயின் டிரைவ் கணக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா போன மாசம் அப்பா பைக்ல தேய்ஞ்ச செயின் லாக்கை வீட்டுலயே மாத்தினப்போ, கிளிப்பைத் திருப்பிப் போட்டுட்டேன்.

தெருமுனை மெக்கானிக் அண்ணன்தான் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்." மேல் பக்கம் செயின் முன்னாடி நகரும், அங்கே கிளிப்போட மூடின முனையும் முன்னாடி இருக்கணும். திறந்த முனை முன்னாடி இருந்தா, எதிலாவது தட்டினாலே கிளிப் கழன்றுடலாம். ஓடும்போது செயின் கழன்று சிக்கினா பின்சக்கரமே நின்னுடும். மறுநாள் காலையில தங்கச்சியை ஸ்கூல்ல விட அப்பா எடுக்கப்போற வண்டி அது.

"அப்போ மெக்கானிக்கிட்டயே விட்டிருக்கலாமே?"ன்னு கேட்பீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு நோஸ் பிளையர், அளவு பார்த்து வாங்கின புது லாக், இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து வைக்கிற கவனம் இருந்தாப் போதும். பழைய கிளிப்பை மட்டும் திரும்பப் போடாதீங்க, பிடிப்பு தளர்ந்திருக்கும்.

முடிச்சதும் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க. தப்பா மாட்டினதுல எனக்கு வெட்கமில்ல. நாலு வருஷமா கிளிப்பைக் கையில தொடாமலே கணக்கு போட்டேனே, அதுதான் வெட்கம்.