எச்சில் தட்டும் எந்திரத் துப்பாக்கியும்

போர் வரலாறு எழுதுகிறவர்கள் கப்பலை எண்ணுவார்கள், விமானத்தை எண்ணுவார்கள். கப்பலுக்குள்ளே தட்டுக் கழுவினது யாரு என்று கேட்க மாட்டார்கள்.

1941 டிசம்பர் 7. ஜப்பானின் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் பேர்ல் ஹார்பரில் குண்டு பொழிந்தன. 'வெஸ்ட் வர்ஜீனியா' போர்க்கப்பலில் அழுக்குத்துணி பொறுக்கிக்கொண்டிருந்தார் டோரிஸ் மில்லர். கறுப்பர். அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறுவதும் எடுபிடி செய்வதும்தான் அன்றைய அமெரிக்கக் கடற்படை கறுப்பருக்கென்று ஒதுக்கியிருந்த வேலை. துப்பாக்கிப் பயிற்சி கிடையாது. காயம்பட்டவர்களைச் சுமந்தார், பிறகு விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்து வானத்தை நோக்கிச் சுட்டார்.

கடற்படை அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கறுப்பர் பத்திரிகைகள் விடாமல் கேட்ட பிறகே 1942 மார்ச்சில் பெயர் வெளியே வந்தது. மே 27இல் 'என்டர்பிரைஸ்' கப்பலில் வைத்து நேவி கிராஸ் பதக்கம் குத்தினார்கள். எட்டே நாளில் அந்தக் கப்பல் மிட்வே சண்டையில் பேர் வாங்கியது. மில்லருக்கோ பதக்கத்துக்குப் பிறகும் சமையற்கட்டுதான். 1943 நவம்பர் 24இல் ஜப்பானிய நீர்மூழ்கி 'லிஸ்கம் பே' கப்பலை மூழ்கடித்தபோது, சமையல்காரராகவே செத்தார்.

2020இல் புதிய விமானந்தாங்கிக் கப்பலொன்றுக்கு அவர் பெயரை அறிவித்தார்கள். சரி. செத்தவனுக்குக் கப்பல் கொடுப்பது சுலபம். உயிரோடிருந்தபோது கையிலிருந்த கரண்டியை மாற்றினீர்களா? இதைக் கேட்காத போர் வரலாறு வெறும் இரும்புக் கணக்கு.