பகடை தந்த பலமும் மேஜை தரும் இடமும்

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும் மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னெஸனும் சேர்ந்து உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கற்பனையில் ஒரு சாகசத்தை நடத்திச் செல்லும் விநோத விளையாட்டு வகைக்கே மூலபுருஷனாக விளங்குகிறது. அதன் ஆதி ஏற்பாட்டில் பலம், புத்தி, லாகவம் முதலிய ஆறு குணங்களுக்கும் மும்மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த கூட்டுத்தொகையை அப்படியே ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவன் பராக்கிரமசாலியாகவும் அடுத்தவன் சோனியாகவும் பிறப்பது அதிர்ஷ்டத்தின் செயல்.

பழகியவர்களுக்கு இது ரஸமான விஷயந்தான். ஆனால் இந்த விளையாட்டையே முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கைக் கொண்டே பார்க்கலாம். வாள் பழகிய முதல் நிலைப் பாத்திரங்கள் இரண்டு. ஒன்றின் பலம் 18, மற்றதன் பலம் 13. இருவர் கையிலும் ஒரே மாதிரி நீள்வாள். எதிரே, கவச எண் (வெட்டு பட எட்ட வேண்டிய எண்) 15-ம் உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய அடி) 7-ம் கொண்ட காப்ளின் என்னும் ஒரு குட்டிப் பூதம். பலமும் பயிற்சியும் தரும் கூட்டெண்ணைச் சேர்த்துப் பார்த்தால், இருபது முகப் பகடையில் முன்னவருக்கு 9-ஓ அதற்கு மேலோ விழுந்தால் வெட்டு படும், பின்னவருக்கு 12 விழுந்தாக வேண்டும். வெட்டு பட்ட பிறகோ, எட்டு முகப் பகடையில் முன்னவர் 3 போட்டாலே காப்ளின் மாண்டுபோகும். பின்னவர் 6 போட வேண்டும். ஆக, ஒரே வீச்சில் எதிரியை வீழ்த்தும் வாய்ப்பு ஒருவருக்கு ஏறக்குறையப் பாதி, மற்றவருக்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. தமது முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்ததும் வீணாக்கி, மறுபடி காத்திருக்கும் அந்த மனிதர் அடுத்த வாரம் வராமற்போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே புதியவர்கள் கூடும் மேஜையில் பிறவிக் குணங்களைப் பகடையிடம் ஒப்படைக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். (சகுனியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்?) அதே பதிப்பு 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்களை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்து, விருப்பப்படி பங்கிட்டுக்கொள்ளவும் இடம் தருகிறது, எளிமையாலும் நியாயத்தாலும் அதற்கு மிஞ்சிய உபாயம் இல்லை.

எனினும், எண்கள் சமமாகிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்புவது பேதைமை. மந்திரவாதி முதல் நிலையில் ஓர் அடிக்குத் தாங்காதவனாக இருந்து, ஐந்தாம் நிலையில் தீக்கோளத்தை ஏவிக் கூட்டத்தையே பொசுக்கிவிடுகிறான். ஆதி ஆசிரியர்கள் இதை அறிந்தே, இரண்டாம் நிலையை எட்டப் போர்வீரனுக்கு 2000 அனுபவப்புள்ளியும் மந்திரவாதிக்கு 2500-ம் என்று விதித்து, நெடுங்காலத்தில் தராசு நேராகட்டும் என்று விட்டுவைத்தார்கள். நாலு மாலைப்பொழுதுகளே கூடப்போகிற புதுக்குழுவுக்கு அந்த நெடுங்காலத்தால் என்ன பிரயோஜனம்? 2008-இல் வந்த நான்காம் பதிப்போ எல்லா வகைப் பாத்திரங்களுக்கும் ஒரே சட்டகத்தில் சக்திகளை அமைத்துச் சமத்துவத்தை நிலைநாட்டப் புறப்பட்டு, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே என்ற முறையீட்டைச் சம்பாதித்துக்கொண்டது. அதற்கு நேர்மாறாக, 1987-இல் வெளிவந்த 'ஆர்ஸ் மாஜிக்கா' மகாமந்திரவாதிகளையும் அவர்களுடைய சாதாரணக் காவலாட்களையும் ஒரே கதையில் கூச்சமின்றி நிறுத்தியது. அங்கே ஒருவரும் மனக்குறைப்படாததற்குக் காரணம், இன்று மந்திரவாதியாக ஆடியவர் நாளை காவலாளாக ஆடுவார் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த உடன்படிக்கை.

இதிலிருந்து எனக்குத் தெளிவாவது, மனிதரை வருத்துவது பலக்குறைவு அன்று, தாம் அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றே என்ற உணர்ச்சிதான். ஆட்டத்தை நடத்துபவர் வலியவரின் சக்தியை நடுவில் பிடுங்கினால் அவரும் வெறுப்படைவார். எளியவருக்கு மட்டும் ஒரு மந்திர வாளைப் புதையலில் வைத்துக் கொடுத்தாலோ, அது பிச்சை என்பது அன்றைக்கே அவருக்கும் விளங்கிவிடும். அதைவிட, வாளால் ஆகாத காரியங்களைக் கதையில் வைப்பது நல்லது: காவற்காரனை ஏய்க்க வேண்டிய ஒரு வாசல், பூட்டிய ஒரு பேழை, ஊர்ப் பாஷை தெரிந்தவனிடம் மட்டுமே வாய் திறக்கும் ஒரு கிழவி. சண்டையிலும்கூட, துணை நிற்பதற்கென்றே ஐந்தாம் பதிப்பில் ஒரு விதி உண்டு. பலம் 13 உடையவர் காப்ளினின் கவனத்தைத் திருப்பினால், பலம் 18 உடையவர் இரண்டு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். அறுபது சதவீதமாக இருந்த அவரது வாய்ப்பு எண்பத்து நான்காக உயர்கிறது. இந்த விதியைப் புதியவர்களிடம் யாரும் முதல் நாளில் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஏற்கெனவே பகடை உருட்டி ஆட்டம் தொடங்கிவிட்ட குழுவுக்கும் வழியில்லாமற் போகவில்லை. முதற்கூட்டத்தின் முடிவில், விரும்புகிறவர்கள் குண எண்களை அந்தப் பொது வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். இன்னார் மாற்ற வேண்டும் என்று ஒருவரை மட்டும் சுட்டிச் சொல்லலாகாது.